வசதி கூடும்போது வீண்செலவின் எல்லை எங்கே நகர்கிறது?

முன்பு 'இதற்குப் போய் இவ்வளவு பணமா' என்று வாய்விட்டுச் சொன்ன ஒன்றை, வருமானம் உயர்ந்த சில ஆண்டுகளுக்குள் நாமே தயங்காமல் வாங்கிவிடுகிறோம். அப்படியானால் அன்று நினைத்தது தவறா, இன்று செய்வது தவறா என்பதுதான் கேள்வி. பணம் வந்ததும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த விடை யாருக்கும் உதவாது. ஒரு செலவை வீண் என்று சொல்லும்போது, அந்தப் பணத்தைக் கொண்டு செய்திருக்கக்கூடிய வேறு ஏதோ ஒன்று இதைவிட முக்கியம் என்றுதான் உண்மையில் சொல்கிறோம். கையில் பணம் கூடும்போது, அப்படி விட்டுக்கொடுக்க வேண்டிய காரியங்கள் ஒவ்வொன்றாக நிறைவேறிவிடுவதால், அதே செலவு வீண் என்ற பட்டியலிலிருந்து வெளியேறுகிறது. இது நியாயமான மாற்றம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், விட்டுக்கொடுப்பது சிறிதும் குறையாத நிலையிலும் பழக்கமும் பக்கத்தில் இருப்பவர்களின் வாழ்க்கையும் அந்த எல்லையைச் சத்தமில்லாமல் நகர்த்திவிடுகின்றன. மனத்துக்கோ மூன்று நகர்வுகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன: 'இதெல்லாம் இப்போது நமக்குச் சாதாரணம்' என்பதுதான் மூன்றுக்கும் அது சொல்லும் பெயர்.

முதலில் நியாயமான பகுதியைப் பார்ப்போம். 1738இல் சுவிஸ் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி, செல்வத்தில் ஏற்படும் ஒரு சிறு கூடுதலால் கிடைக்கும் பயன், ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள செல்வத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்று எழுதினார். ஆயிரம் பொற்காசுகள் செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே தொகைதான் என்றாலும், ஏழைக்கு அவற்றின் மதிப்பு மிக அதிகம் என்பது அவருடைய எடுத்துக்காட்டு. சூதாட்டம் பற்றிய ஒரு கணிதப் புதிரைத் தீர்க்கப் புகுந்தபோது அவர் கண்ட இந்த உண்மை, செலவைப் பற்றிய நம் அன்றாடத் தீர்ப்புகளுக்கும் அப்படியே பொருந்தும். செல்வம் நூறு மடங்கானால், முன்பு ஒரு செலவு தந்த அதே உறுத்தலை இன்று உணர நூறு மடங்கு செலவு தேவைப்படும். 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்ற பழமொழியும் இந்த விகிதக் கணக்கைத்தான் சொல்கிறது. ஒரு மாத வருமானத்தில் பாதியை விழுங்கும் கைப்பேசி ஒருவருக்கு ஊதாரித்தனமாகவும், நூறில் ஒரு பங்கை மட்டும் எடுக்கும் அதே கைப்பேசி இன்னொருவருக்குச் சில்லறைச் செலவாகவும் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

இந்த மாற்றம் நடக்கும் விதத்தைக் கடையில் நின்று பொறுமையாகக் கவனித்தால் கண்ணால் காணலாம். கையில் பணம் குறைவாக இருப்பவர் சட்டையைத் தொடும் முன்பே விலைச்சீட்டைத் தேடித் திருப்பிப் பார்க்கிறார். விலை பிடித்தால்தான் துணியைத் தடவிப் பார்ப்பார். ஓரளவு வசதி வந்தபின் இந்த வரிசை மாறுகிறது: முதலில் துணி, பிறகு நிறம், பிறகு அளவு, கடைசியில் விலைச்சீட்டு. இன்னும் வசதி கூடியவர் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பணம் செலுத்தும் இடத்துக்குப் போய்விடுகிறார். மொத்தத் தொகையை இயந்திரம் காட்டும்போதுதான் விலை அவர் கண்ணில் படுகிறது, சில வேளைகளில் அப்போதும் படுவதில்லை. மூவருக்கும் விலை ஒன்றுதான். முதலாமவருக்கு அது ஒரு வாசல். அதைத் தாண்டினால்தான் விருப்பம் என்ற பேச்சே எழும். மூன்றாமவருக்கு அது வெறும் தகவல். வசதி என்பதை இத்தனை தொகை என்று வரையறுப்பதைவிட, எந்தெந்தப் பொருள்களுக்கு விலைச்சீட்டைப் பார்ப்பதை ஒருவர் நிறுத்திவிட்டார் என்று வரையறுப்பது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது.

ஆனாலும் எல்லாச் செலவுகளும் வருமானத்தோடு ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, குடும்பம் ஏழ்மையாக இருக்க இருக்க அதன் மொத்தச் செலவில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று 1857இல் நிறுவினார். பல நாடுகளில் மீண்டும் மீண்டும் சரிபார்க்கப்பட்டு இன்றுவரை நிற்கும் பொருளாதார விதிகளில் இதுவும் ஒன்று. இதன் மறுபக்கம் நம் கேள்விக்கு முக்கியமானது: வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு என்பதால், வருமானம் உயரும்போது கூடுதல் பணம் பழைய தேவைகளுக்குள் அடங்காமல், முன்பு செலவே செய்திராத வகைகளுக்குள் பாய்கிறது. ஆகவே புதிதாக வசதி பெற்றவர் 'இது வீணா, தேவையா' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது, தனக்கோ தன் பெற்றோருக்கோ முன் அனுபவம் சிறிதும் இல்லாத செலவுகளைப் பற்றித்தான். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு எதுவும் கையில் இல்லாதபோது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அளவு எடுத்துக்கொள்வது இயல்பு. அதன் விளைவுகளுக்குப் பிறகு வருகிறேன்.

வருமானத்துக்கு ஏற்ற செலவு என்ற இந்த எண்ணத்தை ஒரு காலத்தில் அரசுகள் சட்டமாகவே எழுதி வைத்தன. இங்கிலாந்தில் 1363இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், யார் எவ்வளவு விலையுள்ள துணியை அணியலாம் என்பதை அவரவர் தகுதியையும் சொத்தையும் வைத்து வகுத்தது. 500 பவுண்டு மதிப்புள்ள சரக்கு வைத்திருக்கும் வணிகர், ஆண்டுக்கு 100 பவுண்டு நிலவருவாய் உள்ள கீழ்நிலைப் பிரபுவுக்கு இணையாக உடுத்தலாம் என்கிற அளவுக்கு அதில் கணக்குப் பார்க்கப்பட்டிருந்தது. அந்த வகைச் சட்டங்கள் அங்கே 1604இல் நீக்கப்பட்டன. ஆனால் இன்னின்னாருக்கு இவ்வளவுதான் பொருந்தும் என்ற உள்மனக் கணக்கு எங்கும் நீக்கப்படவில்லை. அதைச் சட்டம் சொல்வதற்குப் பதில் இப்போது அண்டை அயலார் சொல்கிறார்கள்.

விகிதக் கணக்கில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. எதனுடைய விகிதம் என்று கேட்க நாம் மறந்துவிடுகிறோம். மாத வருமானத்தின் விகிதமா, மொத்தச் சொத்தின் விகிதமா, கடனும் தவணைகளும் போக மிஞ்சுவதன் விகிதமா? ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கடன் ஏதும் இல்லாமல் இரண்டு ஆண்டுச் செலவுக்குப் போதுமான சேமிப்பு இருக்கலாம்; இன்னொருவருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடலாம். சம்பளச் சீட்டை மட்டும் வைத்து இருவருக்கும் ஒரே எல்லையை வகுத்தால், பின்னவருக்கு அது பொறியாக முடியும். அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1957இல் முன்வைத்த கருத்து இங்கே கைகொடுக்கும்: மக்கள் அந்தந்த மாத வரவைப் பார்த்துச் செலவு செய்வதைவிட, நீண்ட காலத்துக்குத் தங்களுக்கு நிலையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் வருமானத்தைப் பார்த்தே செலவு செய்கிறார்கள் என்றார் அவர். ஒருமுறை மட்டும் வரும் பெரிய தொகையை நிலையான வருமானம்போல் மனம் எடுத்துக்கொண்டால், ஆடம்பரத்தின் எல்லை நிலையாக உயர்ந்துவிடும், வரவோ உயராது.

மனம் சொத்து மதிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. உளவியலாளர்களான ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மேலங்கியும் ஒரு கணக்குப்பொறியும் வாங்கப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். 20 நிமிடப் பயணத் தொலைவில் உள்ள கிளைக்குப் போனால் கணக்குப்பொறி 5 டாலர் மலிவாகக் கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். கணக்குப்பொறியின் விலை 15 டாலர் என்று சொல்லப்பட்டவர்களில் 68 விழுக்காட்டினர் அங்கே போகத் தயாராக இருந்தார்கள். விலை 125 டாலர் என்று சொல்லப்பட்டவர்களில் 29 விழுக்காட்டினர் மட்டுமே தயாராக இருந்தார்கள். மிச்சமாகும் பணம் இரண்டிலும் அதே 5 டாலர்தான். ஆக நாம் ஒரு தொகையை நம் சொத்தோடு ஒப்பிடுவதற்கு முன்பே, அது எந்தப் பொருளின் விலையோடு சேர்ந்து வருகிறதோ அதனோடு ஒப்பிட்டுவிடுகிறோம். வீடு வாங்கும்போது கதவுக் கைப்பிடிகளுக்குப் பெருந்தொகையைக் கேள்வியே இல்லாமல் கொடுக்கும் குடும்பம், அடுத்த மாதம் ஒரு வாளியின் விலைக்காகக் கடைக்காரருடன் பேரம் பேசுவது இதனால்தான்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. அனுஜ் ஷா, எல்டார் ஷாஃபிர், செந்தில் முல்லைநாதன் ஆகிய மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்தவர்கள் இந்த வகைச் சூழல் மயக்கத்துக்குக் குறைவாகவே ஆட்படுகிறார்கள் என்று கண்டார்கள். பற்றாக்குறையில் வாழ்பவருக்கு ஒவ்வொரு தொகையும் வேறு எதற்காகவோ தேவைப்படுகிறது. அதனால் அந்தத் தொகை எதற்கு ஈடு என்பதை அவர் மறப்பதில்லை. வசதி பெருகும்போது செலவு செய்யும் திறன் மட்டும் கூடவில்லை. ஒரு தொகையின் உண்மையான மதிப்பை நினைவில் வைத்திருக்கும் கூர்மை மங்கவும் தொடங்குகிறது. 'முன்பெல்லாம் எனக்குப் பணத்தின் அருமை தெரிந்தது' என்று வசதியானவர்கள் சொல்வதை வெறும் பழங்கதை ஏக்கம் என்று நான் ஒதுக்கமாட்டேன். அதில் துல்லியமான ஓர் உண்மை இருக்கிறது.

எல்லை எப்போதும் மேல்நோக்கியே நகரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் அது அசையவே அசையாது. பெரிய வீட்டில், வசதியான ஓய்வுக்காலத்தில் இருக்கும் ஒரு முதியவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பற்பசைக் குழாயை அடியிலிருந்து இறுகச் சுருட்டி, இனி வராது என்றானதும் கத்தரிக்கோலால் நடுவே வெட்டி, பல்துலக்கியால் உள்ளே வழித்தெடுத்து இன்னும் மூன்று நாள் ஓட்டுகிறார். பரிசுப் பொருள் சுற்றிவந்த வண்ணத்தாளை மடிப்பு நீவி அலமாரியில் அடுக்கி வைக்கிறார். அதே மனிதர் பேரப்பிள்ளைக்கு மருத்துவம் என்றால் தொகையைக் கேட்காமலே கையெழுத்திடுவார். அவரிடம் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இளமையில் தினமும் கைபட்ட சிறு பொருள்களின்மேல் படிந்த எல்லை அங்கேயே உறைந்துவிட்டது. பிற்காலத்தில் வந்த செலவுகளுக்குப் பிற்கால எல்லை. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற சொல்லை அவர் கைகள் கற்றுக்கொண்ட காலத்தில் அவரிடம் ஆறு இல்லை.

ஆனால் இந்த உறைவு எல்லா நேரத்திலும் நன்மை செய்வதில்லை. நேரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1965இல் விளக்கினார்: ஒருவரின் ஊதியம் உயர உயர, அவர் ஒரு வேலைக்குச் செலவிடும் மணிநேரத்தின் விலையும் உயர்கிறது. இதன்படி பார்த்தால், வெறுப்போடு செய்யும் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது வசதியானவருக்கு ஆடம்பரமாக இருக்கக் கூடாது. ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் கேட்கப்பட்ட 800க்கும் மேற்பட்ட கோடீசுவரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தாங்கள் மிகவும் வெறுக்கும் வேலைகளைப் பிறரிடம் ஒப்படைக்கப் பணமே செலவிடுவதில்லை என்று தெரியவந்தது. பொருள் வாங்கினால் கையில் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. நேரம் வாங்கினால் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தன் வேலைக்குக் கூலி கொடுப்பது சோம்பேறித்தனத்தின் அடையாளம் என்ற பழைய கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. புதிய காரை வாங்குவது முன்னேற்றம், துணி மடிக்க ஆள் வைப்பது ஊதாரித்தனம் என்று ஒரே மனிதர் நினைப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பழக்கம். நெதர்லாந்துப் பொருளியலாளர் பெர்னார்ட் வான் பிராக் 1970களில் தொடங்கி மக்களிடம் எந்த வருமானம் 'போதுமானது', எது 'நல்லது', எது 'மோசம்' என்று நேரடியாகக் கேட்டு ஆராய்ந்தார். வருமானம் கூடியவர்கள் போதும் என்று சொல்லும் தொகையும் கூடுவதை அவர் கண்டார். அந்தக் கூடுதல், வருமான உயர்வின் விகிதத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு அளவுக்கு இருந்தது. நூறு படி ஏறினால் அறுபது படி நம் காலடியிலேயே கரைந்துவிடுகிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, நூறும் கரைவதில்லை. பணம் வந்தாலும் மகிழ்ச்சி துளியும் கூடாது என்பதற்கு, லாட்டரியில் வென்ற 22 பேரை வைத்து 1978இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறு ஆய்வை இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் சுவீடனில் பெருந்தொகை வென்றவர்களைப் பற்றி 2020இல் வெளியான, பல மடங்கு பெரிய ஆய்வு, வாழ்க்கையில் மனநிறைவு பல ஆண்டுகள் கழித்தும் உயர்ந்தே இருந்ததாகக் காட்டியது. ஆகவே வசதியால் வரும் புதிய செலவுகள் எல்லாமே மாயை என்ற முடிவுக்கு நான் உடன்படவில்லை. கரைவது எது, நிற்பது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பயன் தரும். கவலை நீங்குவது நிற்கிறது. புதுமையின் இன்பம் கரைகிறது.

பழக்கத்தின் உண்மையான ஆபத்து ஏறும்போது தெரிவதில்லை, இறங்கும்போதுதான் தெரியும். அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் டியூசன்பெரி 1949இல் சுட்டிக்காட்டியதுபோல, வருமானம் குறைந்தாலும் மக்கள் தாங்கள் முன்பு எட்டிய உயர்ந்த வாழ்க்கை நிலையை விட்டு எளிதில் இறங்குவதில்லை; சேமிப்பைக் குறைத்தாவது அதைத் தக்கவைக்க முயல்கிறார்கள். ஒரு வசதி இல்லாமல் பல ஆண்டுகள் குறையின்றி வாழ்ந்தவருக்கு, அது இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போனால் இழப்பாகிறது. அமெரிக்கக் காற்பந்தாட்டத் தொழில்முறை வீரர்களைப் பற்றிய 2015ஆம் ஆண்டின் ஆய்வு இதற்கு வேதனையான எடுத்துக்காட்டு. குறுகிய காலத்தில் மிகப்பெரிய வருமானம் ஈட்டும் அவர்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் திவால் மனு கொடுத்திருந்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி, மொத்தத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதும் எத்தனை ஆண்டு ஆடினார்கள் என்பதும் திவாலாகும் வாய்ப்பைக் குறைக்கவில்லை என்பது. அதிகம் ஈட்டியவரின் இயல்பான செலவும் அதே அளவுக்கு உயர்ந்திருந்தால், இப்படித்தான் நடக்கும்.

எல்லையை நகர்த்தும் மூன்றாவது கை சுற்றத்தாருடையது. பொருளியல் அறிஞர் ஆதாம் ஸ்மித் 1776இலேயே இதை நுட்பமாகப் பார்த்துவிட்டார். நார்த்துணிச் (லினன்) சட்டை வாழ்க்கைக்குக் கட்டாயமானது அன்று. கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமலேயே நன்றாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மானமுள்ள ஒரு கூலித்தொழிலாளி அந்தச் சட்டை இல்லாமல் பொதுவிடத்தில் தோன்றக் கூசுவார் என்றும், ஆகவே அது தேவையாகிவிட்டது என்றும் அவர் எழுதினார். ஒரு சமூகமே செல்வம் பெறும்போது, தனி ஒருவரின் வருமானம் உயராவிட்டாலும் அவருக்கான குறைந்தபட்சம் உயர்ந்துவிடுகிறது என்பது இதன் பொருள். எல்லோர் கையிலும் கைப்பேசி இருப்பதாக எண்ணி வேலை, வங்கி, பள்ளி எல்லாம் இயங்கும்போது, அது இல்லாதவர் வாழ்க்கையிலிருந்தே விலக்கப்படுகிறார். இத்தகைய செலவை ஆடம்பரம் என்று கண்டிப்பது அறியாமை.

ஆனால் இதே கதவு வழியாகத்தான் வெறும் போட்டியும் உள்ளே நுழைகிறது. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டை வைத்து நடத்தப்படும் ஒரு லாட்டரி உண்டு. ஒரு தெருவுக்குப் பரிசு விழுந்தால் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணமும் புதிய காரும் கிடைக்கும். 2011இல் வெளியான ஆய்வு, சீட்டு வாங்காத, ஒரு காசுகூடப் பெறாத அண்டை வீட்டாரும் அதன்பின் கார் வாங்குவது கூடியதாகக் காட்டியது. கனடாவில் நடந்த இன்னோர் ஆய்வு இதைவிடக் கவலை தருகிறது: ஒருவருக்கு விழும் லாட்டரித் தொகை பெரிதாக இருக்க இருக்க, அவருடைய அண்டை வீட்டார் திவாலாகும் வாய்ப்பும் கூடுகிறது. இவர்கள் யாருடைய வருமானமும் உயரவில்லை. எல்லை மட்டும் உயர்ந்துவிட்டது. வசதி கூடியதும் புதிய குடியிருப்புக்கு இடம் பெயர்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய வீட்டின் தவணையைக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே பத்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கப் போகும் வாழ்க்கையின் விலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதுவரை சொன்னது நம் செலவைப் பற்றி நாமே சொல்லும் தீர்ப்பு. பிறர் செலவுக்குத் தீர்ப்புச் சொல்லும்போது நாம் இன்னும் கடுமையாகிவிடுகிறோம், அதுவும் எளியவர்களிடம். செரீனா ஹேகர்ட்டியும் கேட் பராஸும் 2020இல் வெளியிட்ட தொடர் ஆய்வுகளில், ஒரே பொருளை வாங்கும் இருவரில் வருமானம் குறைந்தவருக்கு அது பொருத்தமற்றது என்று மக்கள் எளிதில் தீர்ப்பளிப்பதைக் கண்டார்கள். அவரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்ற கவலை மட்டும் இதற்குக் காரணமாக இருக்கவில்லை. அந்தப் பொருள் அவருக்கு அவ்வளவு தேவையில்லை என்றே மக்கள் நினைத்தார்கள். இதை எண்ணும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. வசதியானவரின் குழந்தைக்குக் கணினி கல்விச் சாதனம், எளியவரின் குழந்தைக்கு அதே கணினி தகுதிக்கு மீறிய ஆசை. ஆண்டு முழுவதும் கட்டிக்காத்த ஒரு குடும்பம் ஒரு நாள் மகிழ்ச்சிக்காகச் செலவு செய்தால், 'இதனால்தான் இவர்கள் முன்னேறுவதில்லை' என்று சொல்ல நான்கு பேர் வந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் செலவை மிச்சம் பிடித்திருந்தால் அவர்களின் நிலை மாறியிருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் அந்த நால்வரில் ஒருவரும் இருக்கமாட்டார். தன் எல்லை வருமானத்தோடு நகர்வதை இயல்பு என்று ஏற்றுக்கொள்பவர், அடுத்தவருக்கும் தன் விருப்பப்படி விட்டுக்கொடுக்கும் உரிமை இருப்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வசதி கூடினாலும் சிறிதும் குறையாத வீண் ஒன்று உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பயன்படுத்தாமல் கிடக்கும் பொருள், ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு, திறந்துவிட்ட குழாய் ஆகியவற்றில் வீணாவது பணம் மட்டுமன்று. பணம் என்னுடையது; நீரும் மின்சாரமும் அந்தப் பொருளைச் செய்தவரின் உழைப்பும் என் வருமானத்தின் விகிதத்தில் பெருகிவிடுவதில்லை. 'என்னால் முடியும், செலவு செய்கிறேன்' என்ற விடை, பணத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டுமே பொருந்தும். முன்சொன்ன முதியவர் பற்பசைக் குழாயை வெட்டுவதைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள், பணக் கணக்கில் அவரைவிடச் சரியாக இருக்கலாம். மற்றக் கணக்கில் அவர்தான் சரி.

சரி, இன்று சாதாரணமாகத் தோன்றும் செலவு எந்த வகையில் சாதாரணமாயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கேள்வியாக, இந்தத் தொகை வேறு எதற்குப் போயிருக்கும் என்று பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'சேமிப்புக்கு' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கடனில் எத்தனை தவணை குறைந்திருக்கும், எத்தனை மாதம் வேலை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடிந்திருக்கும், யாருக்கு உதவியிருக்கும் என்று குறிப்பாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் மனம் உறுத்தவில்லை என்றால் எல்லை நியாயமாக நகர்ந்திருக்கிறது, அச்சமின்றி வாங்கலாம். ஒரு மாதம் இது இல்லாமல் இருந்து பார்த்தால் பழக்கத்தின் பங்கு தெரிந்துவிடும்: சிலவற்றை இரண்டாம் வாரமே மறந்துபோவோம், சிலவற்றின் குறை கடைசி நாள்வரை தெரியும். நம்மோடு பழகுபவர் ஒருவரும் இதைப் பார்க்கமாட்டார், இதைப் பற்றிக் கேட்கவும்மாட்டார் என்றால் வாங்குவோமா என்பது சுற்றத்தாரின் பங்கைக் காட்டும். இந்த மூன்றில் கடைசிக் கேள்விக்குத்தான் நேர்மையாக விடை சொல்வது கடினம். அதனால் பெரிய செலவுகளுக்கு அதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மீண்டும் மீண்டும் வரும் செலவை ஒருமுறைச் செலவைவிடக் கடுமையாக விசாரிக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. ஒரு நீண்ட பயணம் முடிந்துவிடும். பெரிய வீட்டின் பராமரிப்பு முடிவதே இல்லை, வருமானம் இறங்கும்போது முதலில் நெருக்குவதும் அதுதான்.

இந்தக் கேள்விகளைத் தனியாளாகக் கேட்டுக்கொள்வதைவிடக் குடும்பத்துக்குள் கேட்பது சிக்கலானது, ஏனென்றால் ஒரே வீட்டில் இருப்பவர்களின் எல்லைகள் வெவ்வேறு காலத்தில் உருவானவை. பற்றாக்குறையில் வளர்ந்த தந்தையின் எல்லை படிப்படியாக ஏறி வந்தது. ஒவ்வொரு படியிலும் நின்ற நினைவு அவருக்கு உண்டு. வசதிக்குள்ளேயே பிறந்த மகளுக்கு அவர் ஏறி முடித்த படிதான் தரை. 'நான் உன் வயதில் இதைக் கனவில்கூட நினைத்ததில்லை' என்று அவர் சொல்லும்போது, மகள் அதைக் குற்றச்சாட்டாக மட்டுமே கேட்கிறாள். அவர் நினைவு அவளுடைய அளவாக முடியாது. அவள் இன்று பள்ளித் தோழிகளைப் பார்த்து எடுத்துக்கொண்ட அளவைக் கண்டிப்பதால் மட்டும் மாற்றிவிட முடியாது. வேறோர் அளவைக் கொடுத்தாக வேண்டும். பழைய கதைகளுக்குப் பதிலாகக் குடும்பத்தின் இன்றைய வரவையும் செலவையும் கடனையும் கையிருப்பையும் ஒரே தாளில் எழுதி அவள் முன் வைக்கலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்; தான் கேட்பது அதில் எந்த வரியிலிருந்து வரவேண்டும் என்று அவளையே காட்டச் சொல்லலாம்.